கம்பியைத் தளர்த்திப் பார்த்தால்: கிட்டாரின் மாற்று ட்யூனிங்குகள்

மூன்று வருஷத்துக்கு முன் வண்டியிலிருந்து விழுந்ததில் என் இடது கை மோதிர விரலின் தசைநார் அறுந்தது. ஆபரேஷன், கட்டு, பிசியோதெரபி எல்லாம் முடிந்த பிறகும் அந்த விரல் முக்கால்வாசிதான் மடங்குகிறது. கீபோர்டில் கோட் அடிக்க அது போதும். பிழைப்புக்குப் பிரச்சினை இல்லை. கிட்டாரில் எஃப் கார்ட் பிடிக்கத்தான் போதாது. (கார்ட் என்றால் மூன்று நான்கு ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பது. எஃப் கார்டுக்கு ஆள்காட்டி விரலை ஆறு கம்பிகளுக்கும் குறுக்கே படுக்க வைத்து, மீதி மூன்று விரல்களையும் அதற்கு மேலே ஊன்ற வேண்டும். கிட்டார் கற்கப் போனவர்களில் பலர் திரும்பி வந்த இடம் அது.) எட்டு மாதம் கிட்டார் உறைக்குள்ளேயே கிடந்தது.

அதை வெளியே எடுக்க வைத்தது ஜோனி மிட்செலைப் பற்றி எங்கோ படித்த ஒரு வரி. கனடாக்காரரான அவருக்கு ஒன்பது வயதில் போலியோ வந்தது. பிழைத்துக்கொண்டார், ஆனால் இடது கை பலவீனமாகிவிட்டது. 1960களில் சக பாடகர் எரிக் ஆண்டர்சன் அவருக்கு ஓப்பன் ட்யூனிங்கைக் காட்டினார்: கம்பிகளையே வேறு மாதிரி சுருதி சேர்த்துவிட்டால், விரல் வைக்காமலே ஒரு கார்ட் ஒலிக்கும். ஜோனி அந்த வழியில் போய் ஐம்பதுக்கும் மேற்பட்ட ட்யூனிங்குகளில் பாட்டு எழுதினார். அவருடைய கார்டுகள் கேட்க விசித்திரமாக, எளிதில் பெயர் சொல்ல முடியாதவையாக இருக்கும். ஆனால் இடது கையைப் பார்த்தால் இரண்டு விரல், சில சமயம் ஒரே விரல்.

இதைப் படித்த பிறகுதான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. இருபது வருஷமாக இ-ஏ-டி-ஜி-பி-இ என்று ட்யூன் செய்கிறேனே, இதை யார் முடிவு செய்தார்கள், ஏன்?

கணக்கு இதுதான். கிட்டாரில் ஒரு ஃப்ரெட் தள்ளினால், நம் பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்களில் ஒன்று தள்ளியதாகப் பொருள். பன்னிரண்டு ஃப்ரெட் போனால் மேல் ஷட்ஜம். வழக்கமான ட்யூனிங்கில் தடித்த கம்பியிலிருந்து (அதுதான் ஆறாவது, தரையைப் பார்த்திருக்கும் மெல்லிய கம்பி முதலாவது) அடுத்தடுத்த கம்பிகளுக்கு இடையே உள்ள தூரம் 5, 5, 5, 4, 5. நடுவில் அந்த ஒரு 4 ஏன் என்று நான் பல வருஷம் யோசித்ததே இல்லை. கூட்டிப் பாருங்கள்: 24. சரியாக இரண்டு ஸ்தாயி. ஆகவே முதல் கம்பியும் ஆறாவது கம்பியும் ஒரே ஸ்வரம், இரண்டு ஸ்தாயி இடைவெளியில். எல்லாவற்றையும் 5 என்றே வைத்திருந்தால் கூட்டு 25 ஆகி, இரு ஓரக் கம்பிகளும் ஒரு ஃப்ரெட் விலகி உரசும். ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்க வைத்துப் பிடிக்கிற கார்டுகள் எதுவும் ஒழுங்காக வராது. அந்த 4 ஒரு சமரசம். எல்லா ஸ்கேலிலும் ஓரளவு வாசிக்கலாம், எந்த ஸ்கேலிலும் கை முழுச் சுகமாக இருக்காது. நாலு விரலும் நன்றாக வேலை செய்யும் ஆளை மனதில் வைத்துச் செய்த சமரசம் என்பதை, விரல் போன பிறகுதான் கவனித்தேன்.

இந்த எண்களைச் சும்மா சொல்லவில்லை. ஜோனியின் ட்யூனிங்குகளை எழுதி வைக்கும் முறையே இதுதான்: ஆறாவது கம்பியின் ஸ்வரம், பிறகு ஐந்து எண்கள். வழக்கமான ட்யூனிங் இ55545. ஒவ்வொரு எண்ணும் ஒரு செய்முறை. ஆறாவது கம்பியை 5ஆம் ஃப்ரெட்டில் அழுத்து. ஐந்தாவது கம்பியை அதற்குச் சமமாகச் சேர். ஐந்தாவதை 5ல் அழுத்து, நாலாவதைச் சேர். இப்படியே கீழே வரை. ட்யூனர் பெட்டி வேண்டாம், ஸ்வரங்களின் பெயர்கூடத் தெரிய வேண்டாம். என்னைப் போன்ற ப்ரோக்ராமருக்கு இதைவிட நல்ல குறிப்பு முறை கிடைக்காது. ஸ்வரங்களைத் தனித்தனியே சொல்லாமல் வித்தியாசங்களை மட்டும் சேமிக்கிறது.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நம்மூர் வாத்தியங்களைப் பார்த்தால் ஒரு வேடிக்கை. ஐரோப்பிய வயலின் 777. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் அந்த வயலின் கர்நாடக இசைக்குள் வந்தது. இன்று நம் கச்சேரி மேடையில் அதன் சுருதி ஸ-ப-ஸ-ப, அதாவது 757. நம்மூர் வயலின் முழுவதுமே மாற்று ட்யூனிங்தான். நமக்கு அது இயல்பாகிவிட்டதால் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

சரி, கிட்டாருக்கு வருவோம்.

முதல் படி எல்லோருக்கும் ஒன்றுதான், டிராப் டி. ஆறாவது கம்பியை மட்டும் இரண்டு ஃப்ரெட் அளவு இறக்கி, இ-யிலிருந்து டி-க்குக் கொண்டுவர வேண்டும். டி75545. நாலாவது கம்பியும் டி என்பதால் இரண்டையும் சேர்த்துத் தட்டி, அலை அடங்கும்வரை பிரடையைத் திருகினால் முடிந்தது. மேல் மூன்று கம்பிகளையும் ஒரே விரலால் அழுத்தினால் ஸ-ப-ஸ கிடைக்கும். ஹெவி மெட்டல்காரர்கள் அதை வைத்தே வாழ்கிறார்கள். ஐந்து கம்பிகள் பழைய இடத்திலேயே இருப்பதால் தொலைந்துபோகிற பயமும் இல்லை. ஆறாவது கம்பியில் மட்டும் எல்லா ஸ்வரமும் இரண்டு ஃப்ரெட் தள்ளிப் போயிருக்கும். ஜி வேண்டுமென்றால் 3ல் தேடாமல் 5ல் தேட வேண்டும். ஒரு வாரத்தில் பழகிவிடும். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்ததில்தான் நான் குடியிருக்கிறேன். டிராப் டி-யில் இருக்கும்போதே முதல் கம்பியையும் இரண்டாவது கம்பியையும் ஆளுக்கு இரண்டு ஃப்ரெட் இறக்குங்கள். டி-ஏ-டி-ஜி-ஏ-டி. வாசிப்பவர்கள் ஒரே சொல்லாக டாட்காட் என்பார்கள். எண்ணில் டி75525. இங்கிலாந்தின் டேவி கிரஹாம் 1960களின் தொடக்கத்தில் இதைப் பிரபலமாக்கினார். மொராக்கோவில் ஊத் வாசிப்பவர்களோடு சேர்ந்து வாசிக்க வழி தேடியபோது கிடைத்தது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. பிறகு ஜிம்மி பேஜ் 'காஷ்மீர்' பாட்டில் இதையே வைத்தார். பிரெஞ்சு-அல்ஜீரியக் கலைஞர் பியேர் பென்சுசான் கிட்டத்தட்ட வாழ்நாள் முழுக்க இந்த ஒரே ட்யூனிங்கில் வாசிக்கிறார்.

டி-யை ஸ என்று வைத்துப் படியுங்கள்: ஸ ப ஸ ம ப ஸ. என்ன இல்லை? காந்தாரம் இல்லை. மேற்கத்திய இசையில் ஒரு கார்ட் மேஜரா மைனரா என்று முடிவு செய்வது காந்தாரம்தான். இந்த ட்யூனிங் அதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. அதனால்தான் டாட்காட் கேட்கும்போது ஏதோ ஒன்று பாதி வாக்கியத்தில் நிற்பது போன்ற உணர்வு. தம்புரா கேட்டு வளர்ந்த காதுக்கு இது புதிதல்ல. அங்கேயும் ஸ-வும் ப-வும் நிற்கும், காந்தாரத்தைப் பாடுபவர் கொண்டுவருவார்.

வாசிப்பது எப்படி? நான் செய்த முதல் தப்பிலிருந்தே சொல்கிறேன். ஆறு, ஐந்து, நாலு மூன்றையும் ஆள்காட்டி விரல் ஒன்றால் அழுத்தி, கீழ்க் கம்பிகளைத் திறந்து விடலாம் என்று நினைத்தேன். காகிதத்தில் அழகாக இருந்தது. கிட்டாரில் விரல் படுத்த உடனே கீழ்க் கம்பிகள் மூன்றின் வாயும் அடைத்துவிட்டது. விரல் கழுத்தின் கீழ்ப்பக்கத்திலிருந்து அல்லவா ஏறி வருகிறது! சரியான வழி இது: ஆறாவது கம்பியில் ஒரு விரல், நாலாவதில் ஒரு விரல், இரண்டும் ஒரே ஃப்ரெட்டில். இரண்டும் டி கம்பிகள் என்பதால் எங்கே வைத்தாலும் ஒரே ஸ்வரம் இரண்டு ஸ்தாயியில் கிடைக்கும். 5ஆம் ஃப்ரெட்டில் வைத்தால் ஜி (ஐந்தாவது கம்பியைத் தட்டாமல் விடுங்கள், கொஞ்சம் கலங்கலாக இருக்கும்). 7ல் வைத்தால் ஏ. இங்கே எல்லாக் கம்பியையும் தாராளமாகத் தட்டலாம். எடுத்துவிட்டால் டி. ஆயிரக்கணக்கான பாட்டுகளுக்கு இந்த மூன்று கார்ட் போதும். கீழ்க் கம்பிகள் மூன்றும் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒலித்துக்கொண்டே இருக்கும். என் மோதிர விரல் இதில் எங்குமே வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

காந்தாரம் வேண்டும்போது நாமே கொண்டுவரலாம். மூன்றாவது கம்பியில் 2ஆம் ஃப்ரெட்டை அழுத்தி ம-வை ப ஆக்குங்கள். நாலாவது கம்பியில் 4ஆம் ஃப்ரெட் வைத்தால் அந்தர காந்தாரம், டி மேஜர். அதையே 3க்கு இறக்கினால் சாதாரண காந்தாரம், டி மைனர். இரண்டுக்கும் இடையே போய்வந்து கேளுங்கள். ஒரு விரல் ஒரு ஃப்ரெட் நகர்வதில் வீட்டின் வெளிச்சமே மாறுவது தெரியும்.

ராகம் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழி. முதல் கம்பியில் மட்டும் மெட்டு, கட்டை விரலால் மேல் மூன்று கம்பிகளில் ஸ-ப-ஸ. மோகனத்துக்கு ஃப்ரெட் எண்கள் 0, 2, 4, 7, 9, 12. வீணையில் தாள தந்திகளைத் தட்டுவது போலத்தான் இந்தக் கட்டை விரல் வேலை. கம்பி இறங்கி இருப்பதால் இழுத்து வாசிக்கவும் எளிது. (கமகம் என்று சொல்லத் துணிவில்லை. வீணை வாசிக்கும் என் அத்தை கேட்டுவிட்டு "இழுக்கிறது சரி, எங்க நிறுத்தணும்னு தெரியலையே" என்றார்.)

டாட்காட்டின் ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். எதைத் தொட்டாலும் நன்றாக இருக்கும். முதல் மாதம் நான் ஒரு மேதை என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது மாதம் பதிவு செய்து வைத்திருந்ததைக் கேட்டபோது பன்னிரண்டு 'பாட்டும்' ஒன்றே என்று தெரிந்தது. டி-யை விட்டு நகர்வதற்கு இந்த ட்யூனிங் எந்தக் காரணமும் கொடுப்பதில்லை. ஸ்கேல் மாற்றும் பாட்டுகளுக்கு இது சரிப்படாது. அதற்குப் பழைய இ55545 தேவலை.

காந்தாரத்தையும் சேர்த்தே கொடுக்கும் ட்யூனிங்குகள் ஓப்பன் வகை. முக்கியமானவை இரண்டு: ஓப்பன் டி (டி75435), ஓப்பன் ஜி (டி57543). அமெரிக்க ப்ளூஸ் கலைஞர்கள் ஓப்பன் டி-யை 'வெஸ்டபோல்' என்றும், ஓப்பன் ஜி-யை 'ஸ்பானிஷ்' என்றும் அழைத்தார்கள். மிசிசிப்பி பருத்திக்காட்டில் இந்தப் பெயர்கள் எப்படி? 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க வீடுகளில் பரவலாக வாசிக்கப்பட்ட இரண்டு கிட்டார் துண்டுகள் உண்டு, ஹென்றி வொரால் வெளியிட்டவை: ஒன்று 'செபஸ்டபோல்', கிரிமியப் போரில் முற்றுகையிடப்பட்ட நகரின் பெயர், மற்றது 'ஸ்பானிஷ் ஃபாண்டாங்கோ'. அவற்றை வாசிக்கக் கம்பிகளை மாற்றிச் சேர்க்க வேண்டும். பாட்டை எல்லோரும் மறந்துவிட்டார்கள், சுருதி சேர்க்கும் முறை மட்டும் அதன் பெயரோடு தங்கிவிட்டது. கிரிமிய முற்றுகை கருப்பினப் பாடகர்கள் வாயில் வெஸ்டபோல் ஆனது.

ஓப்பன் ஜி-யில் ஒரு விரலைக் குறுக்கே வைத்தால் எங்கே வைத்தாலும் மேஜர் கார்ட்: 5ல் சி, 7ல் டி. ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் ஆறாவது கம்பியைக் கழற்றியே எறிந்துவிட்டு ஐந்து கம்பியில் இதை வாசிக்கிறார். ஆள்காட்டி விரல் 5ல் படுத்திருக்க, இரண்டாவது கம்பியில் 6, நாலாவதில் 7 என்று இரண்டு விரலை வைத்து எடுத்தால் 'ஸ்டார்ட் மீ அப்' குடும்பத்தின் சத்தம் முழுக்க வந்துவிடும். இங்கே இன்னொரு ஒற்றுமை. ஓப்பன் ஜி-யின் மேல் நான்கு கம்பிகள் டி-ஜி-டி-ஜி, ஜி-யை ஸ என்றால் ப-ஸ-ப-ஸ. வீணையின் அனுமந்தரத்திலிருந்து சாரணி வரை நான்கு தந்திகளும் அதே வரிசை, அதே 575. ஒன்று மற்றதிலிருந்து வரவில்லை; ஸ-வையும் ப-வையும் கையருகே வைத்துக்கொள்ள விரும்பினால் வந்து சேரும் இடம் அதுதான்.

ஹவாயிலும் இப்படித்தான். கேப்டன் வான்கூவர் 1793ல் அரசருக்குக் கொடுத்த மாடுகள் பெருகிக் காடெல்லாம் திரிய, 1830களில் அவற்றை மேய்க்க மெக்சிகோ மாட்டுக்காரர்களை வரவழைத்தார்கள். அவர்களோடு கிட்டார் வந்தது. தீவுக்காரர்கள் கம்பிகளைத் தளர்த்தித் தங்கள் பாட்டுக்கு ஏற்பச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் பாணிக்கே 'கீ ஹோஅலு', அதாவது தளர்த்திய சாவி என்று பெயர். எந்தக் கம்பியை எவ்வளவு தளர்த்துவது என்பது பல வீடுகளில் குடும்ப ரகசியமாக இருந்தது.

ஓப்பன் வகையில் ஒரு சிக்கல்: திறந்த கம்பியில் அந்தர காந்தாரம் உட்கார்ந்திருந்தால் சாதாரண காந்தாரத்துக்கு இறங்க முடியாது, திறந்த கம்பிக்குக் கீழே ஃப்ரெட் இல்லை. இதற்கு ப்ளூஸ் பாடகர் ஸ்கிப் ஜேம்ஸ் வாசித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. 1931ல் அவர் பதிவு செய்த பாட்டுகளில் கம்பிகள் மைனராகச் சேர்ந்திருக்கும்: டி75345. மேஜர் வேண்டும்போது மூன்றாவது கம்பியில் முதல் ஃப்ரெட்டில் ஒரு விரல், அவ்வளவுதான். எடுத்தால் மறுபடி மைனர். கீழே வைத்துக்கொண்டால் மேலே போகலாம். மேலே வைத்துக்கொண்டால் மாட்டிக்கொள்வோம்.

இனி நடைமுறை. கம்பிகளை இறக்குங்கள், முடிந்தவரை ஏற்றாதீர்கள். அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இரண்டு ஃப்ரெட் இறக்கினால் இழுவிசை சுமார் 20 சதவீதம் குறையும். இரண்டு ஃப்ரெட் ஏற்றினால் 26 சதவீதம் கூடும். ஓப்பன் இ என்ற ட்யூனிங்கில் மூன்று கம்பிகளை ஏற்ற வேண்டும். அதற்குப் பதில் ஓப்பன் டி சேர்த்து 2ஆம் ஃப்ரெட்டில் காப்போ மாட்டினால் அதே சத்தம், கிட்டாரின் பாலமும் பிழைக்கும். இறக்கும்போது தேவைக்குக் கொஞ்சம் கீழே போய்விட்டு மேலே ஏறி வந்து நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பிரடையில் இருக்கும் தளர்வு பத்து நிமிஷத்தில் சுருதியை இழுத்துக்கொண்டு போகும். மூன்று கம்பியை இறக்கியதும் கழுத்தின் மேல் பாரம் குறைந்து மற்ற மூன்றும் கொஞ்சம் ஏறியிருக்கும். ஆகவே ஒரு சுற்று போதாது, இரண்டு சுற்று. ஆறாவது கம்பி ஃப்ரெட்டில் பட்டுக் கொரகொரத்தால் ஒரு அளவு தடித்த கம்பி மாற்றுங்கள். அடிக்கடி மாற்றுகிறவர்களுக்கு இரண்டாவது கிட்டார் வாங்குவதுதான் நிஜத் தீர்வு. (வீட்டில் இந்த வாதம் எடுபடவில்லை.) மேடையில் பாட்டுக்குப் பாட்டு மாற்றி அலுத்துப்போன ஜோனியே 1990களில் ரோலண்டு விஜி-8 என்ற கருவிக்குப் போனார், கம்பி இருந்தபடி இருக்க, கேட்கும் ஸ்வரத்தை அது மாற்றிக் கொடுக்கும்.

கடைசியாக, எழுதி வையுங்கள். நிக் டிரேக் 1974ல், 26 வயதில் இறந்துபோனார். அவர் பாட்டுகள் பல அவரே தேடிக்கொண்ட ட்யூனிங்குகளில் இருக்கின்றன. ரசிகர்கள் பல வருஷம் ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டுத்தான் அவற்றைக் கண்டுபிடித்தார்கள். ஜோனிக்கு ஜோயல் பெர்ன்ஸ்டைன் என்று ஒருவர் கூடவே இருந்து எல்லாவற்றையும் குறித்து வைத்தார். எனக்கு அப்படி யாரும் கிடையாது. போன வருஷம் ஒரு ராத்திரி சுருதி சேர்த்து வாசித்த ஒரு துண்டு ஃபோனில் இருக்கிறது, முப்பத்தெட்டு விநாடி. எந்த ட்யூனிங் என்று குறிக்கவில்லை. ஆறாவது கம்பி சி, அதற்கடுத்து 7, 5 வரை பிடித்துவிட்டேன். மூன்றாவது கம்பியில் இன்னும் நிற்கிறேன்.